ஹால் காலியானா எனக்கு மொதல்ல சொல்லு

ஜூலை 2, புதன்

காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் செய்த முதல் வேலை, குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் "தயவுசெய்து யாரும் பயப்பட வேண்டாம்" என்று எழுதியது. அதைப் படித்த பிறகுதான் பலர் பயந்தார்கள் என்று நினைக்கிறேன்.

நேற்று மாலை என் நிரலை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். அது விடியும்வரை "ஹால் மாற்றப்பட்டது, ஹால் மாற்றப்பட்டது" என்று குழுவில் எழுதித் தள்ளியிருக்கிறது. பி பிளாக்கின் ஓய்வுபெற்ற தாசில்தார் பொன்னுரங்கம் ஐயா மட்டும் ஒழுங்கான கேள்வி ஒன்று கேட்டிருந்தார்: "ஹாலை எங்கே மாற்றுகிறீர்கள்? நான் நேற்றுகூட அங்கே பேப்பர் படித்தேனே?"

நடந்தது இதுதான். போன வருடம் எங்கள் குடியிருப்பில் ஹாலுக்காகப் பெரிய சண்டை. நல்ல முகூர்த்தமெல்லாம் பழைய செயலாளரின் சொந்தக்காரர்களுக்கே போகிறது என்று. புதுச் செயலாளர் அனந்தநாராயணன் சார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். இனி ஒருவரும் ஒருவர்மேலும் சந்தேகப்படக் கூடாது என்று, ஹால், விருந்தினர் அறை, ஷட்டில் கோர்ட், கேரம் அறை எல்லாவற்றின் முன்பதிவையும் பிளாக்செயினில் ஏற்றிவிட்டார். பெங்களூரில் இருக்கும் அவர் தம்பி மகன் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தான். ஒப்பந்தம் என்றால் காகிதம் இல்லை, அதுவும் ஒரு நிரல்தான். முதலில் கேட்டவருக்குக் கொடுக்கும். எழுதியதை யாராலும் அழிக்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு முகவரி. எது யாருடையது என்று செயலாளருக்கே தெரியாது. "ட்ரான்ஸ்பரன்ஸி மேடம், ட்ரான்ஸ்பரன்ஸி!" என்றார். ஒன்றும் தெரியாமல் இருப்பது எப்படி வெளிப்படை ஆகும் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஒப்பந்தம் ஏதாவது நடக்கும்போதெல்லாம் ஒருமுறை குரல் கொடுக்கும். அதற்கு 'நிகழ்வு' என்று பெயர். யாராவது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பையன் கல்லூரி விடுதிக்குப் போனதும் நான் ஆன்லைனில் ஜாவாஸ்கிரிப்ட் படித்தேன் என்பதை என் வீட்டுக்காரர் லிஃப்டில் சாரிடம் பெருமையாகச் சொல்லப்போக, அந்தக் காதாக இருக்கும் வேலை எனக்கு வந்தது. நிகழ்வைக் கேட்டு, குழுவில் தமிழில் அறிவிக்க வேண்டும்.

நான் நிகழ்வின் பெயரைக் கொடுத்தேன். எந்த ஒப்பந்தம் என்று கொடுக்க மறந்தேன். அந்தப் பெயரோ உலகத்தில் பாதி ஒப்பந்தங்கள் வைத்திருக்கும் பெயர். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று "குமாரு" என்று கூப்பிட்ட கதை.

"பிளாக்செயின்னா என்ன, நம்ம வொர்க்‌ஷாப்ல மோட்டாரத் தூக்கற செயின் பிளாக் மாதிரியா?" என்றார் வீட்டுக்காரர். அவருக்குப் பம்ப்செட் தொழில். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இட்லிக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

வடிகட்டியில் எங்கள் ஒப்பந்தத்தின் முகவரியைச் சேர்த்தேன். உலகம் வாயை மூடிக்கொண்டது.

ஜூலை 8, செவ்வாய்

மதியம் நங்கை வந்தார். நங்கை என்றால் இவருடைய அக்கா சுலோசனா. ஏ பிளாக்கில் இருக்கிறார்; நிவி அவர் மகள். கையில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். அவர் கச்சாயத்தோடு வந்தால் ஒரு வேலையும் கூடவே வரும்.

"நிவிக்கு அந்தக் கனடாப் பையன் அமைஞ்ச மாதிரிதான் கோகிலா. ஜாதகம் பொருந்திருச்சு. ஆவணி பதினஞ்சு, ஆகஸ்ட் முப்பத்தொண்ணு, ஞாயித்துக்கெழம, முகூர்த்தம். அன்னிக்கே உப்புச் சக்கரை மாத்திக்கலாங்கறாங்க. அதுக்கப்பறம் ரெண்டு நாள்ல பையன் ஃப்ளைட் ஏறீருவான். உட்டா அடுத்த வருசந்தான்."

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கலாம், பூ வைக்கலாம், மாதக்கணக்கில் போனில் பேசலாம். எதுவும் கணக்கில்லை. இரண்டு வீட்டாரும் சபையில் உட்கார்ந்து உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டால் முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்கியவர்களைப் பற்றி இன்றைக்கும் கல்யாணப் பந்திகளில் பேசுகிறார்கள்.

"அதுக்கு நம்ம ஹால்தான் வேணும். கோயமுத்தூர்ல ஒரு மண்டபங்கூட அன்னிக்குக் காலியில்ல. ஊட்ல வெச்சா அவங்க சனம் பூராத்தையும் லிஃப்ட்ல ஏத்தறதுக்குள்ள நல்ல நேரம் போயிரும். ஆனா எவனோ ஒருத்தன் அந்த ஞாயித்துக்கெழமையப் புடிச்சு வெச்சிருக்கானே! உங்க அண்ணனத்தான் போடச் சொன்னேன். அந்த ஆப்பெல்லாம் அவரு போன்லதான இருக்கு. போயி ஒரு மணி நேரங்கழிச்சு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றாரு. 'யாரோ முந்திட்டாங்க சுலோ'ங்கறாரு. ஒரு வேலைக்கு ஆக மாட்டாரு."

நங்கையின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து அண்ணன் பாவம். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் மொத்தமாகப் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம்.

"ஒரு வாரத்துக்கு முன்னாடி மறுபடி உறுதி சொல்லாட்டி ஹால் தானா காலியாயிருமாமே? அப்படிக் காலியானா எனக்கு மொதல்ல சொல்லு. எல்லார்த்துக்கும் சொல்றதுக்கு முன்னாடி. உன்ற கைலதான இருக்குது?"

"பாக்கறேன் நங்கையா" என்றேன்.

பையன் பிறந்தபோது மூன்று மாதம் என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல் பார்த்துக்கொண்டவர். அவரிடம் 'பாக்கறேன்' என்பதைத் தவிர வேறு சொல் எனக்கு வருவதில்லை.

நிவிக்குப் பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"வேண்டாம்னுதான் சொல்லீட்டிருக்கறா. வெக்கம்."

ஜூலை 11, வெள்ளி

மின்வெட்டு. மோடம் ஒவ்வொரு முறை உயிர்த்து எழும்போதும் என் நிரலும் புதிதாக ஒரு காதை மாட்டிக்கொண்டிருக்கிறது, பழைய காதைக் கழற்றாமல். பொன்னுரங்கம் ஐயா ஷட்டில் கோர்ட் பதிந்தது முதலில் ஒரு தடவை வந்தது, பிறகு இரண்டு, பிறகு நான்கு. "எனக்கு எழுபது வயசு. நான் ஒரு தடவை ஆடுவதே அதிகம். இது கிண்டலா?" என்று குழுவில் எழுதிவிட்டார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். மோர் கொடுத்தார்.

புது இணைப்பு வந்தால் பழைய காதைக் கழற்றிவிட்டு மாட்ட வேண்டும். இணைப்பு இல்லாத நேரத்தில் நடந்ததைப் பின்னோக்கிப் போய்த் தேடி எடுக்க வேண்டும். இரண்டையும் எழுதி முடித்தேன். கூட்டுக் குடும்பத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியிருந்தது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. நல்ல காரியம் எதுவும் கிடையாது. ஆவணிக்குச் சண்டை போட்டுத் தயாராவதற்கான மாதம்.

ஜூலை 24, வியாழன்

இன்றைய கூத்தை முழுதாக எழுத வேண்டும்.

காலையில் "ஆகஸ்ட் 29, வெள்ளி முகூர்த்தம், ஹால் பதிவாகிவிட்டது" என்று அறிவித்தேன். அது தன் பதிவுதான் என்று முகவரியைப் பார்த்துக் கண்டுபிடித்த சி பிளாக் அமுதவல்லி, பேத்தியின் காதுகுத்துக்குக் கிடைத்துவிட்டது என்று லிஃப்ட், வாட்ச்மேன் அறை, சலவைக்காரர் எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டார். லட்டு முடிவதற்குள் அந்த நிகழ்வு காணாமல் போனது. அழிந்துபோகவில்லை, நடக்கவேயில்லை என்று ஆகிவிட்டது. அதே இடத்துக்கு அதே நேரத்தில் இன்னொருவரும் கேட்டிருக்கிறார். சங்கிலியின் நுனி முதலில் ஒரு பக்கம் வளர்ந்து, பிறகு அதைக் கைவிட்டு இன்னொரு பக்கம் வளர்ந்திருக்கிறது. புது நுனியில் ஹால் டி பிளாக்கில் வேறொருவருக்கு; அவரே வந்து சொல்லிவிட்டார்.

"எழுதியத அழிக்க முடியாதுன்னீங்களே சார்!" என்று அமுதவல்லி கத்தினார்.

"அழிக்க முடியாது மேடம். ஆனா நல்லா எழுதி முடிக்கறவரைக்கும் அது எழுதினதாவே கணக்கில்ல" என்றார் சார். வங்கியில் எப்படி முப்பத்தைந்து வருடம் இருந்தார் என்று இப்போது புரிகிறது.

"அப்ப என் லட்டு?"

சார் மாலைக் கூட்டத்துக்கு அறிவிப்பு எழுதப் போய்விட்டார்.

மாலைக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். நிகழ்வைக் கேட்டவுடன் அறிவிக்காமல், அதன்மேல் சங்கிலியின் இன்னும் சில கண்ணிகள், அதாவது பிளாக்குகள், ஏறி உட்காரும்வரை பொறுப்போம். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு உறுதி. சில நிமிடம்தான் தாமதம். என் திரையில் உடனே தெரியும். குழுவுக்கு உறுதியான பிறகு போகும். எல்லோரும் கைதூக்கினார்கள். "உப்புச் சக்கரை மாத்தற மாதிரி" என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொன்னதும் எனக்கே இன்னும் நன்றாகப் புரிந்தது.

என் உப்புச் சர்க்கரை அன்று எனக்கு நல்ல காய்ச்சல். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஃபோட்டோவில் கன்னம் சிவந்து மிக அழகாக இருப்பேன். வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

நாளைக்கு ரேஷன் கடை. மறக்காமல் பை எடுத்துப் போக வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

நங்கை மறுபடி வந்தார். இந்த முறை முறுக்கு.

"உன்ற பொட்டீல மொதல்லயே தெரியுமாமே? அமுதவல்லி சொன்னா. அந்த நாலஞ்சு நிமிசம் போதும் கண்ணு எனக்கு."

எனக்குள் எங்கிருந்தோ ஒரு நீதிபதி எழுந்து உட்கார்ந்தார். கேட்கிற வேலையில் இருப்பவள் கேட்டதைத் தனக்காகப் பயன்படுத்தக் கூடாது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் போகும், இல்லையென்றால் பழைய செயலாளருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் பேசினேன். நன்றாகவே பேசினேன். நடுவில் முறுக்கும் சாப்பிட்டேன்.

"பெரிய கலெக்டரு" என்றார் நங்கை. "உன்ற நாத்தனா புள்ளைக்கு நல்லது நடக்கறதுல உனக்கென்ன சங்கட்டம்?"

"நிவி வேண்டாங்கறான்னு நீங்கதான நங்கையா சொன்னீங்க?"

"ரெண்டு வாட்டி சொன்னா. நேத்து அழுதுகிட்டே சொன்னா. எல்லாம் வெக்கந்தான். நானுந்தான் அன்னிக்கு அழுதேன். இப்ப உங்க அண்ணங்கூட நல்லாத்தான இருக்கறேன்?"

அண்ணன் நன்றாக இருக்கிறாரா என்று கேட்க வாயெடுத்தேன். முறுக்கு நன்றாக இருக்கிறது என்றேன்.

நங்கையிடமும் வலுவான ஒரு வடிகட்டி இருக்கிறது. நிவியிடமிருந்து வருகிற எல்லாமே 'வெட்கம்' என்ற ஒரே பெயரில்தான் உள்ளே போகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நிரலில் ஒரு வசதியைச் சோதித்துப் பார்த்தேன். சோதனைக்கு மட்டும்தான்.

ஒப்பந்தம் குரல் கொடுக்கும்போது சில விவரங்களை உறையின் மேல் எழுதுகிறது, சிலவற்றை உள்ளே வைத்து ஒட்டுகிறது. மேலே எழுதியதைக் கொண்டு மட்டும்தான் வடிகட்ட முடியும். என்ன நிகழ்ச்சி என்பது உள்ளே. யார் பதிந்தது என்பது மேலே. ஆகவே ஒரு முகவரியைக் கொடுத்து, 'இவர் இதுவரை என்னவெல்லாம் பதிந்தார்' என்று பழைய நிகழ்வுகளைக் கேட்கலாம். சோதனைக்கு ஏதாவது ஒரு முகவரி வேண்டும். ஆவணி ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்து வைத்திருப்பவரின் முகவரி கண்ணெதிரே இருந்தது. அதையே கொடுத்தேன்.

ஹால், ஒருமுறை. மற்றபடி கேரம் அறை. ஒவ்வொரு புதன்கிழமையும், மாலை நான்கு மணி.

புதன்கிழமை நங்கை பஜனைக்குப் போகிற நாள் என்பது ஏன் நினைவுக்கு வந்ததோ.

நாளைக்குக் கேரம் அறையில் மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். போன மாதம் யாரோ புகார் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

மின்விசிறி நன்றாக ஓடுகிறது.

கதவைத் தள்ளினால் பலகையின் ஒரு பக்கம் நாச்சிமுத்து அண்ணன், எதிரே நிவி. அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். முழு வாக்கியங்களாக! "செவப்பப் போட்டா கூட ஒண்ணு போடோணும், இல்லாட்டி அது உன்றது இல்ல. ரூலு தெரியாம ஆடாத" என்று. என்னைப் பார்த்ததும் ஸ்ட்ரைக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கையும் களவுமாகப் பிடிபட்ட ஆள் மாதிரி.

"வாங்கத்த" என்றாள் நிவி. "ஒரு கை கொறையுது."

உட்கார்ந்தேன். பவுடர் தூவினேன். இரண்டு காய் போட்டேன்; நானே எதிர்பார்க்கவில்லை.

"ஹால நீங்கதான போட்டீங்கண்ணா?"

அண்ணன் சிவப்புக் காயையே பார்த்தார். "உன்ற மிஷின் சொல்லிருச்சா கண்ணு?"

"மிஷின் சொல்லல. புதன்கெழமை சொல்லுச்சு."

"சுலோ போய்ப் போடுன்னா. போட்டேன். போட்டேன்னு மட்டும் சொல்லல."

நிவி சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். "அத்த, அந்தாளு நாப்பது நிமிசம் போன்ல பேசுவாரு. கனடால பனி எப்படிப் பேயும், கார்ல என்ன டயர் மாத்தோணும், நான் எந்த மாதிரி ஸ்வெட்டர் போடோணும். ஒரு மாசமாப் பேசறாரு. இது வரைக்கும் என்கிட்ட ஒரு கேள்வி கேக்கல. சாப்ட்டியான்னுகூடக் கேக்கல. நான் லேப்ல வேல பாக்கறன்னு சொன்னதுக்கு, அங்க நாய்க்குக்கூட லேப் இருக்குதுன்னாரு."

"அம்மாகிட்ட வேண்டாம்னு—"

"மூணு தடவ."

"அப்பாவாச்சும் சொல்லலாமில்ல?"

அண்ணன் ஸ்ட்ரைக்கரை எடுத்து வெகுநேரம் குறி பார்த்தார். "முப்பது வருசமாப் பேசிப் பழக்கமில்ல கண்ணு. திடீர்னு ஆரமிச்சா அவ பயந்துக்குவா."

அடித்தார். விழவில்லை.

அவருடைய கணக்கு எளிமையானது. உறுதி பட்டன் இருபத்தொன்றாம் தேதிதான் திறக்கும். இருபத்து நான்காம் தேதி விடிவதற்குள் அதை ஒரு தடவை தட்டிவிட்டால் ஹால் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை போய்விடும், பையன் விமானம் ஏறிவிடுவான், அடுத்த வருடம்வரை நிவிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அதற்குள் அவரும் பேசிப் பழகிக்கொள்வாராம்.

"யார்கிட்டயும் சொல்லாத கண்ணு."

"நான் கேக்கறதோட சரிங்கண்ணா" என்றேன்.

வெளியே வரும்போது நிவி கையைப் பிடித்து, "அத்த, நீங்க கேரம் நல்லா ஆடறீங்க" என்றாள். காலேஜில் ஆடியது. கல்யாணமான பிறகு இன்றுதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். "உப்புச் சக்கரை ஞாபகமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பயந்தே போனேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அவசரக் கூட்டம். 'மர்ம முகவரி யார்?' என்பது மட்டுமே பொருள். நங்கை முதல் வரிசையில். பக்கத்தில் அண்ணன், சாமி முன்னால் நிற்பது போல.

"எவனோ வெளியூர்க்காரன் வாடகைக்கு விடப் புடிச்சு வெச்சிருக்கான்" என்றார் அமுதவல்லி.

"போலீஸில் சொல்லலாம்" என்றார் பொன்னுரங்கம் ஐயா.

"என்னன்னு சொல்றது?"

"ஹால் பதிவு பண்ணியிருக்கான்னு."

"அது குத்தமா?"

"ஆவணியில் குத்தம்தான்."

சார் என் பக்கம் திரும்பினார். "மேடம், உங்க லிசனர்ல ஏதாவது தெரியுமா?"

"முகவரி மட்டும்தான் சார் தெரியும்" என்றேன். இது பொய் இல்லை. நிரலுக்கு அவ்வளவுதான் தெரியும். என்னைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்.

கூட்டம் முடிந்ததும் நங்கை என் தோளைத் தட்டினார். கண் கலங்கியிருந்தது. "எனக்குன்னு நான் என்ன கேட்டேன் கோகிலா? புள்ள நல்ல எடத்துல உக்காரட்டும்னுதான." அதுவும் பொய் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

நான்கு மணிக்குக் கேரம் அறை. அண்ணன் தனியாக. நிவிக்கு வேலை முடியவில்லையாம். பலகையில் காய் அடுக்கவில்லை.

பையிலிருந்து ஒரு புது ஃபோனை எடுத்து மேஜைமேல் வைத்தார். கண்ணாடி மாதிரிப் பளபளவென்று.

"நேத்து சுலோ வாங்கிட்டு வந்தா. விசேசத்துல பழைய போன வெச்சிட்டு நின்னா மாப்ள ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்கன்னு."

"பழசு?"

"எக்ஸ்சேஞ்ச்."

அந்த வீட்டு முகவரியின் சாவி அந்த ஃபோனில்தான் இருந்தது. ஃபோன் போனால் மறுபடி திறக்க, ஆரம்பத்தில் சார் எல்லோரையும் உட்காரவைத்து எழுதச் சொன்ன பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வேண்டும். பத்திரமாக, என்றைக்கும் கிழியாத இடத்தில் எழுதுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"அந்தப் பன்னெண்டு வார்த்தை எங்கண்ணா எழுதி வெச்சீங்க?"

"காலண்டர்ல."

"எந்தக் காலண்டர்?"

"சமையக்கட்டுல மாட்டியிருக்கறது. டெய்லி காலண்டர்." ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "அன்னிக்குத் தேதி பின்னாடி எழுதுனேன் கண்ணு. மறுநா விடிஞ்சதும் சுலோ கிழிச்சுட்டா."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அவரே சிரித்துவிட்டார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம், நிறுத்த முடியாமல். பிறகு இரண்டு பேருமே நிறுத்திவிட்டோம்.

பழையது எது என்று கேட்காமலே சார் அந்த வீட்டுக்குப் புது முகவரி பதிந்து கொடுத்துவிட்டாராம். அதனால் பயன் இல்லை. பழைய முகவரி பிடித்த ஹாலைப் பழைய முகவரிதான் உறுதி செய்ய முடியும். புது ஃபோனும் வீட்டில் நங்கையின் கையில்தான் இருக்கிறது. "இனிமே நானே போட்டுக்கறேன், உங்கள நம்புனா ஆகாது" என்று ஆப்பை எப்படித் தட்டுவது என்று நிவியிடமே கேட்டுக் கற்றுக்கொண்டாராம். நிவி சொல்லிக் கொடுத்தாளாம்.

"உன்ற மிஷின்ல எதாச்சும் பண்ண முடியுமா?"

"அது கேக்கத்தான் கேக்கும். செய்யாதுங்கண்ணா."

"அப்ப உடு கண்ணு" என்றார். எழுந்து, பலகையைச் சுவரோரம் சாத்தி வைத்தார். துணி போட்டு மூடினார். ஒரு வாரம் கழித்து ஆடப் போகிறவர் மூடுகிற மாதிரி இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நங்கையிடம் போனேன். இந்த முறை நான் பலகாரம் கொண்டுபோனேன். "நங்கையா, நிவிகிட்ட நானே பேசினேன். அது வெக்கம் இல்ல" என்று நேராகச் சொன்னேன். இருபது வருடத்தில் அவரிடம் நான் நேராகச் சொன்ன முதல் வாக்கியம்.

"உனக்கும் அன்னிக்குக் கன்னமெல்லாம் செவந்து கெடந்துச்சு" என்றார் நங்கை, அன்பாக. "அதிரசத்துல வெல்லப்பாகு கொஞ்சம் முத்திருச்சு."

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாள் முழுவதும் துணி மடித்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

மாலை. வீட்டுக்காரர் டிவி பார்க்கிறார். இட்லிக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டேன்.

நாளைக் காலை எட்டு மணிக்குச் சார் நடைப்பயிற்சி முடித்து வந்து, கெடு தாண்டிய முன்பதிவுகளை ஒரு பட்டனைத் தட்டி விடுவிப்பார். ஒப்பந்தம் தானாக எதையும் செய்யாது, யாராவது தட்ட வேண்டும். தட்டியதும் அது ஒரு குரல் கொடுக்கும்: 'ஆகஸ்ட் 31, ஹால் விடுவிக்கப்பட்டது.' என் திரையில் உடனே வரும். குழுவுக்கு, பிளாக்குகள் ஏறி உறுதியான பிறகு, சில நிமிடம் கழித்து. நங்கை புது ஃபோனோடு உட்கார்ந்திருப்பார். காலையிலேயே குளித்துவிடப் போகிறாராம்.

இந்தத் தாமதத்தை வைத்தவள் நான். நல்ல காரணத்துக்காக வைத்தது. அதே நாலைந்து நிமிடத்தைத்தான் நங்கை கேட்டார், நான் முறுக்குத் தின்றுகொண்டே நீதி பேசி மறுத்தேன். இன்று காலை தாமதத்தை எடுத்துவிடலாம் என்று நிரலைத் திறந்தேன். எல்லோருக்கும் ஒரே நேரம், யார் முந்துகிறாரோ அவருக்கு. அதுதான் நியாயம். அந்த ஒரு வரியை அழித்தேன். பார்த்தேன். நங்கையின் விரல் என் விரலைவிட வேகமானது. நாற்பது வருடம் பூக்கட்டிய விரல். வரியைத் திரும்பப் போட்டேன்.

எங்கள் வீட்டு முகவரியில் இதுவரை ஒரு பதிவும் இல்லை. சாவி என் ஃபோனில் இருக்கிறது. பன்னிரண்டு சொற்கள் அரிசி டப்பாவின் மூடிக்கு உட்புறம், பெயிண்டில். நாளை எட்டு மணிக்கு அந்த ஹாலை நான் பதிவேன்.

இது திருட்டுதான். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் பதிவுப் பக்கத்தில் 'பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, விருப்பமிருந்தால் நிரப்பலாம். இதுவரை குடியிருப்பில் ஒருவரும் நிரப்பியதில்லை. நான் நிரப்பப் போகிறேன். கோகிலா, ஏ பிளாக்கிலிருந்து பார்த்தால் தெரிகிற டி பிளாக், இரண்டாவது மாடி. மர்ம முகவரி தேட வேண்டாம். நங்கை நேராக வந்து கதவைத் தட்டட்டும். கச்சாயம் இல்லாமல் வருவார். அன்றைக்காவது நாங்கள் இரண்டு பேரும் நிவியைப் பற்றிப் பேசுவோம். கத்துவோம் என்றே வைத்துக்கொள்கிறேன். அதன்பிறகு இந்த ஊழியத்தை விட்டுவிடுவதாகச் சாருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டதைத் தனக்காகப் பயன்படுத்தியவள் காதாக இருக்கக் கூடாது.

'நிகழ்ச்சி' என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. அதைத்தான் மாவு ஆட்டும்போது யோசித்தேன். கேரம் போட்டி. ஆவணி முகூர்த்தத்தில், சீரியல் விளக்குப் போட்டு. நடுவர்: நாச்சிமுத்து. நடுவர் என்றால் அவர் பேசியே ஆக வேண்டும்.

"என்ன, தனியாச் சிரிக்கற?" என்று வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க."

"நாளைக்கு அக்கா ஊட்ல எதோ எட்டு மணிக்கு விசேசமாமே? போன் பண்ணுச்சு. உன்னையும் பக்கத்துல இருக்கச் சொல்லுது, ராசியான கையாமா."

"வேல இருக்குதுங்க" என்றேன்.

இவரிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் நிவியிடமும் சொல்லவில்லை. முதலில் நடக்கட்டும். அதன்மேல் நாலைந்து பிளாக் ஏறி உட்காரட்டும். அதுவரை இது நடந்ததாகக் கணக்கில்லை.